சும்மா நிற்பது சும்மாவா?

“இது தெரிஞ்ச கதைதானே, சார்!”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்து ஜெபக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நான் வேதாகமத்தைத் திறந்ததுமே, முன்வரிசையிலிருந்து இந்தக் குரல் எழும்பிவிடும். காணாமற்போன ஆடா? தெரியும். ஐந்து அப்பமும் இரண்டு மீனுமா? தெரியும். நல்ல சமாரியனா? அதுவும் தெரியும்!

பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். பெரியவர்களாகிய நாம் மட்டும் என்ன செய்கிறோம்? போதகர் முதல் வரியை வாசிக்கும்போதே நம் மனம் கடைசி வரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் உள்ளது ஒன்றும் காதில் ஏறுவதில்லை. இருபது வருடம் ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர் இருட்டிலும் தட்டுத்தடுமாறாமல் நடப்பார். ஆனால் அந்த நிரையில் எத்தனை மரம் பூத்திருக்கிறது என்று கேட்டால் விழிப்பார். பழக்கம் காலுக்கு வழி காட்டும், கண்ணை மூடிவிடும்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பல சமயத்தவரும் இருப்பீர்கள். நான் யாரையும் மதம் மாறச் சொல்ல வரவில்லை. குறளோ, இராமாயணமோ, திருக்குர்ஆனோ, வேதாகமமோ, நெடுநாள் பழகிய நூலை மறுபடி எப்படிப் படிப்பது என்பதுதான் நான் சொல்ல வந்தது. எனக்குப் பழக்கமான நூலைக் கொண்டு சொல்கிறேன். அதிலும் ஒரே ஒரு கதை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் தப்பாகப் படித்துவந்த கதை!

துரையும் கூலியாட்களும்

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் 20-ஆம் அதிகாரம். இயேசுநாதர் சொன்ன உவமை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு திராட்சத் தோட்டத்தின் எஜமான் அதிகாலையில் புறப்பட்டுப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறார். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று மறுபடி மறுபடி கடைத்தெருவுக்குப் போய், அங்கே நிற்பவர்களையும் வேலைக்கு அனுப்புகிறார். கடைசியில் பதினோராம் மணிக்கும் போகிறார். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். பகல் முழுதும் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார்.

மாலையில் கூலி கொடுக்கும் நேரம். கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பணம். இதைக் கண்ட காலை ஆட்கள் தங்களுக்கு அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கும் அதே ஒரு பணம்தான். வெயிலில் காய்ந்த எங்களுக்கும், ஒரு மணி நேரம் வேலை செய்த இவர்களுக்கும் ஒரே கூலியா என்று முணுமுணுக்கிறார்கள். உங்களுக்குப் பேசியதைக் குறைக்கவில்லையே, நான் நல்லவனாக இருப்பது உங்களுக்கு உறுத்துகிறதா என்று எஜமான் கேட்கிறார். கதை அவ்வளவுதான்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘தோட்டம்’ என்றால் எனக்குத் திராட்சை தெரியவில்லை. எங்கள் எஸ்டேட்தான் தெரிந்தது. எஜமான் என்றால் துரை. கூலி கொடுக்கும் காரியக்காரன் என்றால் ஆபீஸ் கிராணி. ‘பதினோராம் மணி’ என்றதும் காலை பதினோரு மணி என்றே எடுத்துக்கொண்டேன்! எங்கள் தோட்டத்தில் அது ஆட்கள் காண்டா வாளியில் பால் சுமந்துகொண்டு ஸ்டோருக்குத் திரும்பும் நேரம். அந்த நேரத்தில் வேலைக்கு வருகிறவன் எப்பேர்ப்பட்ட சோம்பேறியாக இருப்பான் என்று சிரித்திருக்கிறேன்.

பின்னால்தான் தெரிந்தது. அந்த நாட்டில் அக்காலத்தில் பகலைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள். மூன்றாம் மணி என்றால் நமக்குக் காலை 9. ஆறாம் மணி என்றால் நண்பகல். ஒன்பதாம் மணி பிற்பகல் 3. பதினோராம் மணி என்பது மாலை 5. மணியைத் திருத்திக்கொண்டேன். ஆனால் அந்த ஆட்கள் சோம்பேறிகள் என்ற எண்ணத்தை நான் திருத்தவேயில்லை. ஆசிரியரான பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். “சோம்பேறிகளுக்குக்கூட ஆண்டவர் இரக்கம் காட்டுகிறார், பார்த்தீர்களா?”

பெரட்டுக் களத்தில் ஒருத்தி

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா 1985-இல் காலமானார். அம்மா பால்மரம் வெட்டி என்னையும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்றினார். 1987-இல் ஒருநாள், மழை பெய்து ஊறிய மேட்டில் பால் வாளியோடு வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. உளியைப் பிடித்து மரத்தில் நேராக இழுக்க முடியவில்லை. அவருடைய நிரை வேறொருவருக்குப் போயிற்று.

அதன்பிறகு அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலைதான். புல் வெட்டுவது, உரம் போடுவது. அதுவும் ஆள் தேவைப்படும் நாளில் மட்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். மண்டோர் பேர் கூப்பிடுவார். கூப்பிட்டால் அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழும். கூப்பிடாவிட்டால் இல்லை.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை. நல்ல கையுள்ள வெட்டாட்களும் மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தாமே! மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. 1954-இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதும் அதனால்தான். குறைந்தபட்சச் சம்பள ஆணை இந்த நாட்டில் நடப்புக்கு வந்ததே 2013-இல்தான். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பு, 1987-இல், கோணல் கையோடு நின்ற ஒரு விதவைக்கு அந்தப் பெரட்டுதான் எல்லாம்.

பேர் கிடைக்காதவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அம்மா திரும்பமாட்டார். யாராவது காய்ச்சலென்று பாதியில் போனால் அந்த இடம் கிடைக்கலாம். லோரியில் உரமூட்டை வந்தால் இறக்க ஆள் தேவைப்படலாம். ஆபீசுக்கு எதிரே இருந்த மரத்தடியில் நடுப்பகல் வரை நிற்பார்.

நாங்கள் பள்ளிக்குப் போகும் பாதை அந்த வழிதான். ஒருநாள் கூட வந்த பையன் கேட்டான்: “ஒங்கம்மா ஏன்டா அங்க சும்மா நிக்கிறாங்க?”

நான் பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தும் பார்க்காதவன்போல நடந்தேன். மறுநாளிலிருந்து ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒற்றையடிப் பாதையில் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

2019-இல் ஒரு சாயங்காலம்

தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். நாங்கள் வெளியேறினோம். நான் படித்து, பயிற்சி முடித்து, ஆசிரியனானேன். அம்மா என்னோடு இருந்தார். பிற்காலத்தில் சர்க்கரை வியாதியால் ஒரு காலை எடுக்கவேண்டியதாயிற்று. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே தினமும் சாயங்காலம் நான் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பார்.

2019-இல் ஒருநாள், எங்கள் பழைய தோட்டத்து மண்டோர் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். எண்பதை நெருங்கியவர். முருக பக்தர், வேதாகமம் அவருக்குப் பழக்கமில்லை. “நீங்க படிங்க வாத்தியாரே, நானும் கேக்குறேன்” என்று உட்கார்ந்தார். அன்றைக்கு வந்த அதிகாரம் மத்தேயு 20.

வாசித்து முடித்தேன். வழக்கம்போல விளக்கமும் சொன்னேன். “அந்தக் கடைசி ஆளுங்க சோம்பேறிங்க. அவங்களுக்கும் ஆண்டவர்...”

“யாருப்பா அவங்களைச் சோம்பேறின்னு சொன்னது?” என்றார் அம்மா. “புத்தகத்துல இருக்கா?”

நான் மறுபடி பார்த்தேன். “சோம்பேறின்னு இல்லம்மா. சும்மா நின்னதா இருக்கு.”

“சும்மா நிக்கிறது சும்மாவா, தம்பி? சோம்பேறியா இருந்தா காலையிலேயே வீட்டுக்குப் போயிப் படுத்திருப்பான். அஞ்சு மணி வரைக்கும் அங்கேயே ஏன் நின்னான்? வெறுங்கையோட எப்படி வீட்டுக்குப் போறதுன்னு நின்னிருப்பான். காலையிலேயே பேரு கெடைச்சவனுக்கு வேர்வைதான். பேரு கெடைக்காதவனுக்குப் பயம். பொழுது ஏற ஏறப் பயம் ஏறும். நான் நின்னிருக்கேன், எனக்குத் தெரியும்.”

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அப்போது மண்டோர் தாத்தா தொண்டையைச் செருமினார்.

“எனக்கு ஒரு சந்தேகம், வாத்தியாரே. அந்தத் தோட்டத்துல மண்டோர் கெடையாதா?”

“சாயங்காலம் கூலி கொடுக்க ஒருத்தரைக் கூப்பிடுறார், தாத்தா.”

“அப்ப ஆளு எடுக்க மட்டும் அஞ்சு தடவையும் மொதலாளியே நடந்து வந்தாரா? நாப்பது வருசம் தோட்டத்துல இருந்தேன். எந்தத் துரையும் ஆளு தேடி வந்து நான் பாத்ததில்ல. அதுவும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு! இன்னும் ஒரு மணி நேரத்துல என்ன பெரிய வேலை நடந்துடப் போவுது? அவரு வேலைக்காக வரல. யாராச்சும் இன்னும் நிக்கிறாங்களான்னு பாக்க வந்திருக்காரு.”

சொல்லிவிட்டுச் சற்று நேரம் தரையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “எத்தனையோ நாளு ஒம் பேர கூப்பிடாம விட்டவன் நான்தான், தங்கச்சி.”

“ஒங்க கையில என்னண்ணே இருந்துச்சு? ஆபீசுல கொடுத்த கணக்குப்படி கூப்பிட்டீங்க” என்றார் அம்மா. “தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

அன்றிரவு அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவும்போது, ஆயாக்கொட்டகைப் பாதையைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

“தெரியும்” என்றார் அம்மா. “நீ பின்னால சுத்திப் போறது மரத்தடியிலேருந்து தெரியும். போகட்டும்னு இருந்தேன். ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.”

2020-இல் அம்மா காலமானார்.

புத்தகத்தில் இருக்கிறதா?

அம்மா கேட்ட அந்தக் கேள்வி, ‘புத்தகத்துல இருக்கா?’ என்பது, மிக முக்கியமான கேள்வி என்று இப்போது எனக்குத் தெரிகிறது. புதிய வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டு நம் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிவிடக் கூடாது அல்லவா? ஆகவே, இருவர் சொன்னதையும் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலாவது, ‘சும்மா’ என்ற சொல். புதிய ஏற்பாடு முதலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அங்கே உள்ள சொல்லின் வேர்ப்பொருள் ‘வேலையற்ற’ என்பதே. சோம்பேறி என்றும் அதற்குப் பொருள் வரலாம். வேலை கிடைக்காதவர் என்றும் வரலாம். எது பொருந்தும் என்று அந்த ஆட்களின் பதிலே காட்டிவிடுகிறது. ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். எஜமானும் அதை மறுக்கவில்லை, அதட்டவில்லை. அம்மா சொன்னது சரி.

இரண்டாவது, எஜமான் ஐந்து முறை போனது. அதிகாலை, 9 மணி, 12 மணி, 3 மணி, 5 மணி. ஐந்து முறையும் அவரேதான் போகிறார். காரியக்காரன் மாலையில் கூலி கொடுக்கும்போதுதான் கதைக்குள் வருகிறான். மண்டோர் தாத்தா சொன்னதும் சரி.

மூன்றாவது, அந்த ‘ஒரு பணம்’. சிறுவயதில் அதைக் காசு என்ற அளவில் படித்துவிட்டுப் போயிருக்கிறேன். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘தெனாரியம்’ என்று இருக்கிறது. அது ரோமருடைய வெள்ளிக் காசு. ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிட அது வேண்டும். ஐந்து மணி ஆளுக்கு மணிக்கணக்குப் பார்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் கணக்கு நேராக இருக்கும். அவன் வீட்டு அடுப்பு எரியாது. எஜமான் வேலை நேரத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார்.

நான்காவது, மாலையிலேயே கூலி கொடுத்தது. அது எஜமானின் பெருந்தன்மை மட்டுமன்று. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் உள்ள சட்டம். ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடவேண்டும், அவன் அதை நம்பியே இருக்கிறான் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. கூலியை மறுநாள் காலை வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும் சொல்கிறது.

ஐந்தாவது, கடைசி ஆட்களுக்கு முதலில் கொடுத்தது. காலை ஆட்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சச்சரவே வந்திருக்காது. அவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான் எஜமான் அப்படிச் செய்தார் போலும். ஏன்? முந்திய அதிகாரத்தின் முடிவைப் படித்தால் தெரியும். நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். அதையடுத்துத்தான் இந்த உவமை வருகிறது. உழைத்ததைக் கணக்குப் பார்க்கும் நல்லவர்களுக்குச் சொன்ன கதை இது. அதாவது, எனக்குச் சொன்ன கதை.

ஒரு மாணவன்

படித்தது புத்தியில் மட்டும் நின்றால் போதுமா? எனக்கு ஒரு பரீட்சை வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020-லும் 2021-லும், பள்ளிகள் மாதக்கணக்கில் மூடியிருந்தன. 2022-இல் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கமே புரட்டாமல் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்டா சும்மா உட்கார்ந்திருக்கே?”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “படிக்கத் தெரியல, சார். யாரும் சொல்லித் தரல.”

என் கையிலிருந்த சுண்ணக்கட்டி அப்படியே நின்றது. அவன் வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி. அப்பா விடிந்தால் செம்பனைக் காட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை கடைத்தெருவில் நின்றிருக்கிறான். கூப்பிட ஆளில்லை. நானும் கூப்பிடவில்லை.

தினமும் பள்ளி முடிந்ததும் இருபது நிமிடம் அவனை உட்காரவைத்தேன். ‘அ’ன்னாவிலிருந்து தொடங்கினோம். நன்றாகப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வந்து, “அவனுக்கு மட்டும் ஏன் சார் தனியா?” என்று கேட்டாள். அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. அவள் உழைப்பும் உழைப்புதானே! “உனக்குக் கொடுத்ததில் குறைத்தேனா, அம்மா?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் கழித்து அவளே அவனுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் முதல் மாணவனாக ஆகிவிடவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கத்தை, எழுத்துக்கூட்டி, விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி, கடைசி வரி வரை படித்துவிட்டான்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

பெரிய படிப்பு வேண்டாம். எனக்கு உதவிய சில வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று. வாய்விட்டுப் படியுங்கள்; ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கதையைக் கேட்டே இராதவராக இருந்தால் இன்னும் நல்லது. மண்டோர் தாத்தாவுக்கு முடிவு தெரியாது. அதனால்தான் நடுவில் இருந்தது அவர் கண்ணில் பட்டது. விளக்கம் சொல்ல அவசரப்படாமல், “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேளுங்கள்.

இரண்டு. விலை என்ன, கூலி என்ன என்று கேளுங்கள். கடைக்குப் போய்வரும் தாய்மார்களுக்கு இது கைவந்த கலை. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது, பறவைகளைப் பலி கொடுத்ததாக லூக்கா 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள்தாம் இரண்டு பறவை கொடுக்கலாம் என்று இருக்கிறது. வறுமை என்ற சொல்லே இல்லாமல் ஒரு வீட்டின் வறுமை அங்கே எழுதியிருக்கிறது! அதேபோல, ஐயாயிரம் பேருக்கு இருநூறு பணத்து அப்பமும் போதாது என்று பிலிப்பு கணக்குச் சொல்கிறார். மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால், அது ஒரு கூலியாளின் எட்டு மாதச் சம்பளம். அந்தப் பையன் கையில் இருந்ததோ வாற்கோதுமை அப்பம், ஏழைகளின் ரொட்டி.

மூன்று. வேறொருவர் கண்ணால் பாருங்கள். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியிருக்கிறீர்களா? அப்படியானால் ரூத்தின் கதை உங்களுக்குத்தான். அறுப்பவர்கள் விட்ட கதிரை அவள் பொறுக்குகிறாள். நிலக்காரர் போவாஸ் தன் ஆட்களிடம், அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். கையில் தூக்கிக் கொடுக்கவில்லை. அவள் தானே பொறுக்கியதாக இருக்கட்டும் என்று விட்டார். குனிந்து பொறுக்கியவர்களுக்குத்தான் அந்த மரியாதையின் அருமை தெரியும்.

நான்கு. இரண்டு மொழிபெயர்ப்பை ஒப்பிடுங்கள். தமிழில் இதற்குக் குறைவில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. பல சபைகளில் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, 1871-இல் வந்த பவர் குழுவினரின் பதிப்பை ஒட்டியது. ஒன்றில் ‘பணம்’ என்று வழுக்கிக்கொண்டு போவது இன்னொன்றில் ‘தெனாரியம்’ என்று காலைத் தடுக்கும். தடுக்கும் இடத்தில் நின்று பாருங்கள்.

ஐந்து. முன்னும் பின்னும் படியுங்கள். ‘புத்தகத்துல இருக்கா?’ என்று கேளுங்கள். நமக்குப் பிடித்த அர்த்தம் எழுத்தில் இல்லையென்றால் விட்டுவிடத் துணியவேண்டும்.

கடைசியாக, ஒரு பழைய கொப்பியில் அன்றைக்குப் பட்டதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். கீழே, யாருக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று இன்னொரு வரி. இரண்டாவது வரி இல்லையென்றால் முதல் வரி நாளைக்கே மறந்துபோகும்.

இப்போதும் நிற்கிறார்கள்

நான் வேலை செய்யும் பள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆபீஸ் முன்னால் ஆட்கள் நிற்பதைப் பார்க்கிறேன். இன்று அவர்களில் பலர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். பேச்சு வேறு, முகம் வேறு. ஆனால் அந்த நிற்கும் விதம் எனக்குத் தெரிந்ததுதான்.

வேதாகமத்தில் நான் தாண்டிப்போன ஆட்களும், வாழ்க்கையில் நான் தாண்டிப்போன ஆட்களும் ஒரே ஆட்கள்தாம் என்று இப்போது எனக்குப் படுகிறது. புத்தகத்தில் அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் சொல்லித்தான்.

ஆகவே, அன்பான வாசகர்களே, அடுத்த முறை பழகிய கதை ஒன்றைக் கேட்கும்போது, “தெரிஞ்ச கதைதானே” என்று நகர்ந்துவிடாதீர்கள். அதில் ஓர் ஓரமாக யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

நான் இப்போது ஆபீஸ் வழியாகவே பள்ளிக்குப் போகிறேன். சுற்றுப்பாதையில் போவதில்லை. நிற்பவர்களைப் பார்த்து வணக்கம் சொல்கிறேன். அவர்களும் சொல்கிறார்கள்.